உரக்கடையில் பில் கேட்டால் முறைக்கிறார்கள்!

விருத்தாசலம் கடைவீதியில் ஒரு ஜவுளிக் கடைக்குள் நுழைந்து பாருங்கள். "வாங்கண்ணே, உட்காருங்க" என்பார்கள். பத்துச் சேலையை விரித்துப் போடுவார்கள். ஒன்றும் பிடிக்கவில்லை என்று எழுந்து வந்தாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். வாங்கினால், கேட்காமலே பில் வரும். பையும் வரும்.

நாலு கடை தள்ளி ஓர் உரக்கடை. அங்கே போகிற ஆள் அறுநூறு ரூபாய் சேலை வாங்கப் போகவில்லை. ஒரு பட்டத்து வெள்ளாமையையே அந்தக் கல்லாவில் வைக்கப் போகிறார். அவருக்குக் கிடைக்கிற வரவேற்பு என்ன?

"யூரியா இருக்குதுங்களா?"

"இருக்குது. தனியா வராது."

"அப்படின்னா?"

"இந்தப் பாட்டில் ஒண்ணு சேர்த்து எடுத்துக்கணும்."

இது என்ன கூத்து! மாப்பிள்ளையோடு தோழனும் வருவதற்கு இது கல்யாண வீடா? யூரியா கேட்டவருக்கு எதற்கு டானிக்? ஓட்டலில் இட்லி கேட்டால், "வடை வாங்கினால்தான் இட்லி" என்று சொன்னால் சும்மா விடுவோமா? உரக்கடையில் மட்டும் தலையை ஆட்டிவிட்டு வாங்கிக்கொண்டு வருகிறோம். ஏன்? மழை பெய்திருக்கிறது. ரெண்டு நாள் தள்ளினால் ஈரம் போய்விடும். அந்த அவசரம் கடைக்காரருக்கும் தெரியும்!

யூரியா மூட்டை முன்பு 50 கிலோ. 2018-இல் இருந்து 45 கிலோ. மூட்டைக்கு விலை 266 ரூபாய் 50 காசு. அது மூட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. அதற்கு மேல் ஒரு காசு வாங்கக் கூடாது. வேறு பொருளை இணைத்துத் தலையில் கட்டக் கூடாது என்று வேளாண்மைத் துறையும் வருஷா வருஷம் எச்சரிக்கை விடுகிறது. வருஷா வருஷம் விடவேண்டியிருக்கிறது என்பதிலேயே, அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது தெரிகிறதே!

துண்டுச் சீட்டு ராஜ்யம்

அடுத்தது பில். பெரும்பாலும் என்ன கிடைக்கிறது? சிகரெட் அட்டையைக் கிழித்த மாதிரி ஒரு துண்டுச் சீட்டு. அதில் "யூ-2, பொ-1, ம-1" என்று ஒரு கிறுக்கல். கீழே ஒரு தொகை. கடை பேர் கிடையாது. தேதி கிடையாது. கம்பெனி பேர் கிடையாது. மருந்தின் தொகுதி எண் கிடையாது.

"ரசீது கொடுங்க" என்று கேட்டால் ஒரு முறைப்பு. "என்னாங்க, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று ஒரு கேள்வி. கடனுக்கு வாங்குகிறவராக இருந்தால் அதைக் கேட்கவே வாய் வராது. போன பட்டத்துப் பாக்கி பேரேட்டில் இருக்கிறது. எந்த முகத்தோடு பில் கேட்பது?

ஆனால் பில் கொடுப்பது கடைக்காரர் போடுகிற பிச்சை இல்லை. 1985-ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணை, உரம் விற்றால் ரசீது கொடுத்தே தீரவேண்டும் என்கிறது. கடையில் என்ன உரம் எவ்வளவு இருப்பு, என்ன விலை என்று எல்லோர் கண்ணிலும் படும்படி பலகை வைக்கவேண்டும் என்றும் சொல்கிறது. விதைக்கும் இதே மாதிரி 1983-இல் ஆணை வந்துவிட்டது. நாற்பது வருஷம் ஓடிவிட்டது! பலகை எங்கே என்று தேடினால், பல இடங்களில் மூட்டை அடுக்குக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. அதில் உள்ள தேதி எந்தப் பொங்கலுக்கு எழுதியதோ?

ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடிய கதை நம்ம ஊர்க் கதைதான். சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது புராணம். அவருக்குக் கிடைத்தது. மாற்று உரைத்துப் பார்க்க அங்கே ஒரு பிள்ளையாரும் இருந்தார். நம்ம விவசாயி கடையில் போட்ட பணத்தைக் கொல்லையில் தேடுகிறார். உரைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

தட்டிப் பார்க்க முடியுமா?

இது பீங்கான் ஊர். ஜாடியோ கோப்பையோ வாங்குகிறபோது விரலால் ஒரு தட்டுத் தட்டுவோம். 'டங்' என்றால் நல்லது. மொண்ணையாகச் சத்தம் வந்தால் கீறல். விதையை அப்படித் தட்டிப் பார்க்க முடியுமா? முளைக்காதபோதுதான் தெரியும். அதற்குள் உழவுக் கூலி, ஆள் கூலி, மழை ஈரம் எல்லாம் போயிருக்கும்.

ஆனாலும் பார்ப்பதற்கு வழி இல்லாமல் இல்லை. பையில் தைத்திருக்கிற அட்டையைப் பாருங்கள். நீல அட்டை என்றால் சான்று பெற்ற விதை. வெள்ளை என்றால் ஆதார விதை. பச்சை அட்டை என்றால், கம்பெனிக்காரர் தானே உத்தரவாதம் எழுதி விற்கிற விதை. அட்டையில் முளைப்புத் திறனும் பரிசோதனை செய்த தேதியும் இருக்கவேண்டும். சான்று விதை என்றால் அந்தத் தேதியிலிருந்து ஒன்பது மாதம்தான் கெடு. மல்லாட்டைக்குக் குறைந்தபட்ச முளைப்பு 100-க்கு 70. நெல்லுக்கு 80. விதைப்பதற்கு ஒரு வாரம் முன்பு நூறு பருப்பை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள். எத்தனை முளைத்தது என்று வீட்டு அம்மாவே சொல்லிவிடுவார். இதற்குக் காசும் இல்லை, கையெழுத்தும் இல்லை. விதை வாங்குவதை மழை பெய்த மறுநாளைக்குத் தள்ளாமல் இருந்தால் போதும்.

டாக்டர் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்!

கருவேப்பிலங்குறிச்சிப் பக்கமிருந்தோ மங்கலம்பேட்டைப் பக்கமிருந்தோ ஒரு பெரியவர் பஸ் ஏறி வருகிறார். கையில் பாலித்தீன் பை. அதற்குள் வாடிப்போன நாலு இலை. கல்லாவில் போட்டு, "தம்பி, இது என்னான்னு பாருப்பா" என்கிறார்.

தம்பி பார்க்கிறார். அரை நிமிஷம். மூன்று பாட்டில் வெளியே வருகிறது. ஒன்று பூச்சிக்கு, ஒன்று பூசணத்துக்கு, ஒன்று டானிக். "மூணையும் கலந்து அடிச்சிடுங்க. டேங்குக்கு ஒரு மூடி." எந்த மூடி? எந்த டேங்க்? பெரியவரும் கேட்பதில்லை, தம்பியும் சொல்வதில்லை.

தம்பியை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. காய்ச்சல் என்றால் டாக்டர் சீட்டு எழுதுகிறார், மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார். பயிருக்கு வந்த நோய்க்கு ரெண்டு பேரும் ஒரே ஆள்! வேளாண்மை உதவி அலுவலர் ஒருவர் பல கிராமங்களைப் பார்க்கவேண்டியிருக்கிறது. அவரைத் தேடிப் பிடிப்பதற்குள் பூச்சி பாதி இலையைத் தின்றுவிடும். உரக்கடைதான் பக்கத்தில் இருக்கிறது. அதுதான் திறந்தும் இருக்கிறது.

இதற்காகவே உரக்கடைக்காரர்களுக்கு ஒரு வருஷப் பட்டயப் படிப்பு இருக்கிறது. 2003-இல் ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசு நிறுவனமான 'மேனேஜ்' தொடங்கியது. கடையை மூடவேண்டாம், விடுமுறை நாளில் வகுப்பு, மொத்தம் 48 வாரம். படித்தவர் கடையில் சான்றிதழ் மாட்டியிருக்கும். அப்படிப்பட்ட கடையில் பேச்சே வேறு மாதிரி இருக்கும். "இதுக்கு மருந்து வேண்டாம் ஐயா, ரெண்டு நாள் பாருங்க" என்று சொல்லி, வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புகிற கடைக்காரரும் உண்டு. அவருக்கு ஒரு கும்பிடு!

ஒரு விஷயம் கவனித்திருக்கிறீர்களா? மல்லாட்டைக்கு ஜிப்சம் போடுங்கள் என்று கடையில் யாரும் வற்புறுத்துவதில்லை. ஏக்கருக்கு 160 கிலோ. விதைத்து 40, 45 நாளில் மண் அணைக்கும்போது போடவேண்டும். மல்லாட்டைக் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை மண்ணிலிருந்து நேராகவே எடுத்துக்கொள்கிற காய். அது கிடைக்காவிட்டால் ஓடு இருக்கும், பருப்பு இருக்காது. வெறும் பொக்கு! ஜிப்சம் மலிவு. மூட்டை கனம். லாபம் சொற்பம். ஆகவே அது மூலையில் கிடக்கிறது. பளபளப்புப் பாட்டிலில் வந்த டானிக் கல்லா மேல் உட்கார்ந்திருக்கிறது!

இதைச் சொல்லத்தான் நம்ம ஊரிலேயே ஒரு மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 'வி.ஆர்.ஐ.' என்று மல்லாட்டை ரகங்கள் வருகிறதே, அந்த எழுத்தெல்லாம் விருத்தாசலத்தின் பேர்தான். 1991-இல் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 முந்திரி வெளி மாநிலக்காரர்கள் வரை பேர் வாங்கியது. ஒட்டுக் கன்று தேடி எங்கிருந்தோ வருகிறார்கள். உள்ளூர்க்காரர் ரோட்டில் பஸ்ஸில் அதைத் தாண்டிப் போய் உரக்கடை வாசலில் இறங்குகிறார்!

குவார்ட்டர் பாட்டிலில் விஷம்

இனி சொல்லப்போவது கிராமத்து விவசாயி சமாசாரம் மட்டும் இல்லை. வாசலில் நாலு ரோஜாத் தொட்டியும் மாடியில் ரெண்டு கத்தரிச் செடியும் வைத்திருக்கிற குமாஸ்தா, டீச்சர், கடைக்காரர் எல்லோரும் கேட்கவேண்டியது.

"மாவுப் பூச்சிக்குக் கொஞ்சம் மருந்து கொடுங்க" என்று போகிறோம். பெரிய பாட்டில் நானூறு, ஐநூறு ரூபாய். நாலு செடிக்கு எதற்கு? கடைக்காரரும் இரக்கப்படுகிறார். காலிக் குவார்ட்டர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ கொஞ்சம் ஊற்றிக் கொடுக்கிறார். வீட்டுக்குக் கொண்டு வந்து ஜன்னல் மேல் வைக்கிறோம்.

அந்தப் பாட்டிலில் பேர் இல்லை. விஷம் என்ற எழுத்து இல்லை. பள்ளிக்கூடம் விட்டுத் தாகத்தோடு வருகிற பிள்ளைக்கு அது என்ன என்று எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், "என்ன மருந்து?" என்று டாக்டர் கேட்பார். மருந்துக்கு மருந்து சிகிச்சை வேறு. "வெள்ளையா இருந்துச்சுங்க" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்?

மருந்துப் பாட்டிலில் ஒரு சதுரமும் அதற்குள் முக்கோண வர்ணமும் போட்டிருப்பது அழகுக்கு இல்லை. சிவப்பு என்றால் கடும் விஷம். மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் அதற்கும் கீழே. பச்சை எல்லாவற்றிலும் குறைவு. பச்சை என்றாலும் குடிக்கிற தண்ணீர் இல்லை! பிரித்து ஊற்றி விற்கச் சட்டத்தில் இடம் இல்லை. வாங்குகிறவரும் கேட்கக் கூடாது. நாலு செடிக்கு வேப்பெண்ணெய்யும் சோப்புத் தண்ணீரும் போதும் என்று கடைக்காரர் வாயால் வந்தால், அவர் கடைக்குத்தான் மறுபடியும் போவோம்.

கடைக்காரர் தரப்பு

கடைக்காரர்களிடம் பேசினால் அவர்களும் அழுகிறார்கள். "இணைப்பு நாங்களா வைக்கிறோம்? மேலே இருந்து லோடு வரும்போதே சேர்த்துத்தானே இறக்குறாங்க. நாங்க யார் தலையில கட்டுறது?" என்கிறார்கள். பொய் என்று தள்ளிவிட முடியாது. அப்படியானால் அதிகாரிகள் சில்லறைக் கடையில் மட்டும் வந்து நோட்டைப் புரட்டுவதில் என்ன லாபம்? மொத்த வியாபாரி குடோனுக்கும் கம்பெனி வாசலுக்கும் போகவேண்டாமா?

கடன் இன்னொரு தலைவலி. மல்லாட்டையை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் போட்டால்தான் உரக்கடைப் பாக்கி தீரும். அங்கே விலை சரிந்தால் இங்கே பேரேட்டில் பாக்கி ஏறும். மழை பொய்த்த வருஷம் கடைக்காரரும் தலையில் துண்டுதான். கடன் கொடுத்துப் பட்டம் தவறாமல் விதைக்க வைத்த கடைக்காரர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். மறுக்கவில்லை. ஆனால் கடனுக்குக் கொடுக்கிறோம் என்பதற்காகக் கைக்கு வந்ததைக் கொடுப்பதும், ரொக்க விலை ஒன்று கடன் விலை ஒன்று என்று சீட்டில் எழுதாமல் கணக்கில் ஏற்றுவதும் நியாயம் ஆகாது.

கைரேகை மிஷின் வந்த பிறகு புதுத் தொல்லை. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? நாலு தடவை வைத்தும் விழவில்லை. பிறகு "சர்வர் இல்லை, மத்தியானம் வாங்க". மத்தியான பஸ்ஸை விட்டால் சாயங்காலம்தான் பஸ் என்பது சர்வருக்குத் தெரியுமா?

கோர்ட்டு சொன்னது

பில்லுக்கு ஏன் இத்தனை மல்லுக்கட்டு என்று கேட்கலாம். 2012 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு கொடுத்தது. ஆந்திர விவசாயிகள் தேசிய விதைக் கழகத்தின் மீது போட்ட வழக்கு. விதை சரியில்லை, மகசூல் போச்சு என்பது புகார். "விதைக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. இவர்கள் நுகர்வோரே இல்லை" என்று கழகம் வாதாடியது. கோர்ட்டு ஒப்புக்கொள்ளவில்லை. விதை வாங்குகிற விவசாயியும் நுகர்வோர்தான் என்று சொல்லிவிட்டது. பரிசோதனைக்கு விதை எங்கே என்று கேட்பதும் எடுபடவில்லை. பின்னால் வழக்கு வரும் என்று நினைத்து எந்த விவசாயியாவது கொஞ்சம் விதையை எடுத்து வைப்பாரா? வாங்கியதை முழுக்க விதைக்கத்தானே செய்வார்!

அரசாங்கக் கழகத்தையே கூண்டில் நிறுத்த விவசாயியால் முடிந்தது. நம்ம ஆள் கடலூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் கேட்கிற முதல் கேள்வி, "பில் இருக்கா?" என்பதுதான். அங்கே போய்ச் சிகரெட் அட்டையை நீட்ட முடியுமா? புகாருக்கு ரெண்டு வருஷம் கெடு. ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 1915 என்ற நம்பருக்குப் போன் போட்டாலும் விவரம் சொல்கிறார்கள்.

வேளாண்மைத் துறைக்கு ஒரு வேண்டுகோள். ஆடி மழைக்கும் மார்கழிப் பட்டத்துக்கும் முந்தின பதினைந்து நாள் கடைவீதியில் நடந்து பாருங்கள். ஜீப்பை ஸ்டேஷன் பக்கம் நிறுத்திவிட்டு, வேட்டி கட்டிக்கொண்டு, "ஒரு மூட்டை யூரியா" என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வருகிறது என்று உங்கள் காதாலேயே கேட்கலாம்.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. விதையைக் கொட்டிய கையோடு பையை மாட்டுத் தவிடு போட எடுத்துவிடுகிறோம். அட்டையைக் கிழித்துக் குப்பையில் போடுகிறோம். கூடாது. அந்த அட்டையையும் பில்லையும் ஒரு பாலித்தீன் உறையில் போட்டு, அறுவடை முடிகிற வரைக்கும் எரவாணத்தில் சொருகி வையுங்கள்.