மூட்டைக்கு 50 காசு



ஆண்டுதோறும் சங்க விழாவில் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டு, உறையில் 2,000 ரூபாய் கொடுக்கிறோம். போட்டோவும் எடுத்துக் கொள்கிறோம். நல்ல காரியம்தான். ஆனால் விழா நடப்பது ஆகஸ்டில். கல்லூரியில் பணம் கட்ட வேண்டியது ஜூனில். பொங்கல் முடிந்து வந்து இறங்கும் வெல்லத்துக்கு என்ன மதிப்பு என்று நமக்குத் தெரியாதா?

2024 ஜூன் மாதம் நமது கிடங்கில் மூட்டை இறக்கும் தொழிலாளி ஒருவர் வந்து நின்றார். மகனுக்குத் தனியார் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது, முதல் தவணை 22,000 ரூபாய், ஐந்து நாளில் கட்ட வேண்டும் என்றார். "முதலாளி, கூலியிலே கொஞ்சம் கொஞ்சமாக் கழிச்சிக்குங்க" என்று கேட்டார். அந்த வாரம் செங்குன்றம் அரிசி மண்டிக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. 5,000 ரூபாயைக் கையில் கொடுத்து, மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம் என்றோம். அடுத்த வாரம் நாம் பணத்தை எடுத்து வைத்தபோது இடம் போய்விட்டது. பையன் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்துவிட்டான். இன்றும் காலை ஷிப்டுக்கு நம் கடை வாசலில்தான் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறான். வணக்கம் வைக்கிறான். நமக்குத்தான் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கும்மிடிப்பூண்டியில் இது ஒரு வீட்டுக் கதையல்ல. தொழிற்பேட்டை வந்ததால் ஊர் பிழைத்தது, நம் வியாபாரமும் பெருகியது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பிளஸ் டூ முடித்த பையனுக்கு மாதச் சம்பளம் பக்கத்திலேயே காத்திருக்கிறது. படிப்போ மூன்று நான்கு ஆண்டு செலவு வைக்கிறது. கட்டணத்துக்கு ஒரு வாரம் தட்டுப்பட்டால் போதும், பையன் ஷிப்டுக்குப் போய்விடுவான்.

அரசு உதவி இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 2021 முதல் 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. அதில் சேருபவருக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024-இலும் வந்தன. பொறியியல் சேரும் பெண் பிள்ளை, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து தேர்வு பெற்றால், பிரகதி உதவித்தொகையாக ஆண்டுக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். நம்மில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறோம்?

ஆனால் மாதம் 1,000 ரூபாயும் பிரகதியும் பிள்ளை கல்லூரியில் சேர்ந்த பிறகு வருபவை. வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காமல் விட்டிருந்தால் அந்தப் பணமும் நிற்கும். இன்னொன்று, நம் சிறு கடைக்காரர் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டி மெட்ரிகுலேஷன் பள்ளியில் பிள்ளையைப் படிக்க வைக்கிறார். அதனாலேயே 7.5 விழுக்காடு இல்லை, மாதம் ஆயிரமும் இல்லை. முதல் பட்டதாரிச் சலுகை, கலந்தாய்வு வழியே தொழிற்கல்வியில் சேருபவருக்குத்தான்; அதுவும் அக்காள் பட்டம் வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடையாது. வசதியானவரும் அல்லர், அரசுக் கணக்கில் ஏழையும் அல்லர். நமது சங்கத்தில் பாதிப் பேர் இந்த நடுவில்தான் நிற்கிறோம்.

கம்ப்யூட்டர் படிப்புக்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்பது வேறு. விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கி வைக்கப்பட்டதே நம் மாவட்டத்துக் காக்களூரில்தான். பிறகு அது சில ஆண்டுகள் நின்றுபோனது. கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் மறுபடி அறிவித்தார்கள்.

இதைப் பேசியபோது நண்பர் ஒருவர் கோபமாகவே கேட்டார்: "ஆன்லைன் கம்பெனிக்காரன் பத்து நிமிஷத்தில் பருப்பு கொண்டுபோய்க் கொடுத்து நம் கடையை மூட வைக்கிறான். அவனுக்கு ஆள் தயார் பண்ணிக் கொடுக்கவா நம் காசு?" நியாயமான கேள்வி. ஆனால் நாம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்தக் கம்பெனிக்கு ஆள் கிடைக்கும். 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நாம் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். பில் போடத் தெரியாமல் விழித்தபோது, கம்ப்யூட்டர் படித்த எதிர் வீட்டுப் பெண்தான் நம் கடையில் உட்கார்ந்து மூன்று மாதம் சொல்லிக் கொடுத்தது. அப்படிப்பட்டவர்கள் நம் தெருவில் இல்லாமல் போனால் நட்டம் நமக்கு.

அந்தப் படிப்புக்கே வேலை இல்லை என்பது இன்னொரு வாதம். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனமே சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தது உண்மை. ஆகவே எல்லாப் பிள்ளைகளையும் இதில் தள்ளச் சொல்லவில்லை. ஆசையும் கணக்கில் கெட்டியும் உள்ள பிள்ளை, பணத்தால் நிற்கக் கூடாது. அவ்வளவுதான்.

நமக்கு இது புதிதும் அல்ல. விருதுநகர் வணிகர்கள் மகமைப் பணத்தில் க்ஷத்திரிய வித்யாசாலாப் பள்ளியைத் தொடங்கினார்கள். சரக்கு கைமாறும்போதே பொதுக் காரியத்துக்கென்று ஒரு சிறு தொகை எடுத்து வைப்பதுதான் மகமை. வீடுதோறும் பிடி அரிசியும் வாங்கினார்கள். காமராசர் படித்த பள்ளி அது. அவரும் குடும்பக் கஷ்டத்தால் பாதியில் நின்று மாமாவின் ஜவுளிக்கடையில் உட்கார்ந்தவர்தான் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

ஒரு மொத்தக் கடையில் நாளைக்கு 40 மூட்டை என்றால், 25 நாளில் 1,000 மூட்டை. மூட்டைக்கு 50 காசு வைத்தால் மாதம் 500, ஆண்டுக்கு 6,000 ரூபாய். 20 கடை சேர்ந்தால் 1,20,000. ஆறு பிள்ளைகளுக்குத் தலைக்கு 20,000 ரூபாய் ஜூன் முதல் வாரத்திலேயே கட்டலாம். கல்லூரிக் கணக்குக்கு நேரே கட்ட வேண்டும்; மேடை வேண்டாம், சால்வை வேண்டாம். வட்டி கிடையாது. உதவித்தொகை வந்ததும் முடிந்ததைத் திருப்பட்டும், அது அடுத்த பிள்ளைக்கு ஆகும். வணிகர் நல வாரியத்தில் பதிவு செய்த உறுப்பினர்கள் அங்குள்ள கல்வி உதவிக்கும் தனியே மனுப் போட வேண்டும். பதிவே செய்யாமல் இருப்பவர்கள் நம்மில் அதிகம்.

யாருக்குக் கொடுப்பது என்று குழு போட்டுச் சண்டை போட வேண்டாம். எந்த வீட்டில் மாதக் கடைசியில் எண்ணெய் கால் லிட்டராகக் குறைகிறது என்பதை வருமானச் சான்றிதழை விட நம் பற்று நோட்டு நன்றாகச் சொல்லும். உறுப்பினர் பிள்ளை மட்டும் என்று எல்லை கட்டாமல், நம் கிடங்கில் மூட்டை தூக்குபவர் பிள்ளையையும் சேர்க்க வேண்டும்.

ஏப்ரல் செயற்குழுவில் தீர்மானமாக வைக்க எழுதிக் கொடுத்திருக்கிறோம். தை முதல் நாளிலிருந்து நமது கடைப் பேரேட்டில் மகமை என்று ஒரு பக்கம் போட்டு எழுதி வருகிறோம். நேற்று வரை 1,140 ரூபாய் சேர்ந்திருக்கிறது.