சாவி யார் கையில்?

புயல் அடித்த பிறகு பொட்டலம் கட்டுவது இந்தத் தமிழ்நாட்டில் வழக்கமாகிவிட்டது. கொடுக்கிற மனசுக்குக் குறைவில்லை. ஆனால், பொட்டலம் போய்ச் சேரணுமே!

2018 நவம்பரில் வந்த 'கஜா' புயலை மறக்க முடியுமா? கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் நடுவே கரை கடக்கும் என்றுதான் வானிலை இலாகா முதலில் சொன்னது. பிறகு கடலூருக்கும் பாம்பனுக்கும் நடுவே என்றது. கடைசியில் 16-ந்தேதி அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புகுந்தது. இலாகாவைக் குறை சொல்லிப் பயனில்லை. திசை மாறுவது புயலின் குணம்.

தஞ்சை, புதுக்கோட்டைத் தென்னைகளைச் சாய்த்த அந்தப் புயல், திண்டுக்கல் மாவட்டத்தையும் விடவில்லை. கொடைக்கானல் மலைப் பாதையில் மரங்கள் முறிந்து விழுந்தன. "கடல் இல்லாத ஊருக்குப் புயல் ஏது?" என்ற பேச்சு அன்றோடு போச்சு!

உதவிச் சாமான்கள் லாரி லாரியாகப் போயின. ஆனால், மெயின் ரோட்டு ஊர்களிலேயே பாதி இறங்கிவிட்டது. உள்ளடங்கிய கிராமங்கள் காத்துக் கிடந்தன. புதுக்கோட்டை மாவட்டம் கொத்தமங்கலத்தில் ஜனங்கள் ஆத்திரத்தில் அரசு வாகனங்களுக்கே தீ வைத்தார்கள். கரண்டு கம்பங்கள் சாய்ந்ததால் குடிதண்ணீர் மோட்டார் ஓடவில்லை. அங்கே கேட்டது ஜெனரேட்டர். 2004 சுனாமியின்போது நாகையில் நடந்தது இன்னொரு கூத்து. தெருவோரம் பழந்துணி மலையாகக் குவிந்தது, கட்டத்தான் ஆளில்லை!

புயல் எங்கே வரும் என்று தெரியாதபோது சாமானை எங்கே வைப்பது? கடலோரத்தில் வைத்தால் வெள்ளம் அதையும் கொண்டுபோகும். நாலு ரோடு கூடும் ஊரில் வைப்பதுதான் புத்தி. திண்டுக்கல் அப்படிப்பட்ட ஊர். கோவையிலிருந்து நாகை போகும் ரோடும், பெங்களூரிலிருந்து குமரி போகும் ரோடும் இங்கே சந்திக்கின்றன. ரயில் ஜங்ஷன் இருக்கிறது. பக்கத்திலேயே ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்.

தார்ப்பாய், கயிறு, மரம் அறுக்கும் ரம்பம், ஜெனரேட்டர் எல்லாம் கெட்டுப்போகாது. அவற்றை அரசு இப்போதே வாங்கி வைக்கலாம். அரிசி, பருப்பு அப்படியல்ல. குடோனில் போட்டால் வண்டுதான் தின்னும். அதற்கு மொத்த வியாபாரிகளோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போடலாம். "இவ்வளவு மூட்டை எப்போதும் கையிருப்பில் இருக்கணும், இதுதான் விலை" என்று எழுதி, அதற்கு ஒரு கூலியும் கொடுத்துவிடலாம். புயல் வந்தால் மூட்டை லாரியில் ஏறும். வராவிட்டால் வழக்கம்போல் கடையில் விற்கும். யாருக்கு நஷ்டம்?

கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழி, பழனி வழி என்று இரண்டு பாதை. இரண்டும் அடைபட்டால்? ஐப்பசி மழைக்கு முன்பே மலைமேல் தனியாக இருப்பு வேண்டும். உள் கிராமங்களுக்கு எந்த டிராக்டர் போகும், அங்கே யார் வாங்கிக் கொடுப்பார் என்ற பட்டியல் ஒவ்வொரு தாசில்தார் மேஜையிலும் இருக்கணும்.

"வராத புயலுக்குச் செலவா?" என்று சில அதிகாரிகள் கேட்கலாம். மழை பெய்யாத நாளில் குடையை யாராவது தூக்கி எறிகிறார்களா?

திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். குடோனைப் பூட்டுவது பெரிசில்லை. நள்ளிரவில் போன் வந்தால் திறக்க, சாவி யார் கையில் இருக்கும்? அதை இன்றே முடிவு செய்யட்டும்!