மலையேறக் கட்டணம்! குமாஸ்தா வீட்டுப் பையன் எங்கே போவான்?

லீவு நாள் வந்தால் சென்னை வாலிபர்களுக்கு மலை ஆசை. திருத்தணி, கே.ஜி.கண்டிகை பக்கம் வந்தால் ஆந்திர எல்லை கிட்டத்தில்தான். நாகலாபுரம் காடு, தடா அருவி என்று கிளம்பி விடுகிறார்கள்.

ஆபத்து இல்லாமலா? 2018 மார்ச் 11-ந்தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் என்ன ஆச்சு? வெயிலில் காய்ந்து கிடந்த காடு பற்றிக்கொண்டது. மலையேறப் போனவர்கள் சிதறி ஓடினார்கள். 23 பேர் பலி!

2024 அக்டோபரில் வனத்துறை 40 மலைப்பாதைகளைத் திறந்தது. பூண்டி பக்கம் உள்ள குடியம் குகையும் அதில் ஒன்று. உள்ளூர் ஆளே வழிகாட்டி. காட்டுத்தீ காலத்தில் பாதைக்குப் பூட்டு. நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் ஆளுக்கு ஆள் கட்டணம். வழிகாட்டிக்குக் கூலி கொடுக்க வேண்டாமா என்பது நியாயம். அதற்காக நாலு பேர் சேர்ந்து போனால் பர்ஸ் காலி ஆகலாமா? கட்டணம் கட்டுப்படாத பையன் வீட்டில் உட்கார மாட்டான். பெட்ரோல் போட்டுக்கொண்டு, வழிகாட்டி இல்லாமல் எல்லை தாண்டிப் போவான்.