விற்காதவர் சொல்லும் யோசனை வேண்டும்

செல்போன், மடிக்கணினி, டிவி வாங்குவோரும் அவற்றைப் பழுது பார்க்கக் கொடுப்போரும் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

பதினைந்தாயிரம் ரூபாயோடு செல்போன் வாங்கப் போகிறவருக்கு யோசனை சொல்ல ஆட்களுக்குக் குறைவில்லை. கடையில் நம்மை வரவேற்கும் இளைஞர் பல நேரம் கடை ஊழியரே அல்ல, ஒரு நிறுவனத்தின் புரமோட்டர். அந்த நிறுவனத்தின் போன் விற்றால்தான் அவருக்கு ஊக்கத்தொகை. யூடியூபில் போனை அலசுபவர் பலருக்கு, வீடியோவுக்குக் கீழுள்ள இணைப்பு வழியாக நாம் வாங்கினால் கமிஷன். பழுதுக்குக் கொண்டுபோனால், போர்டையே மாற்றச் சொல்வதில்தான் சர்வீஸ் சென்டருக்கு வருமானம். இவர்களைக் கெட்டவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை, பிழைப்புக்கு உழைப்பவர்கள். ஆனால் "இப்போதைக்குப் பழையதே போதும், காசை வீணாக்காதீர்கள்" என்று சொல்வதால் நஷ்டப்படாத ஒருவர் வாங்குபவர் பக்கம் இல்லை. அப்படி ஒருவர் வேண்டும். மற்றவர்களும் உண்மையைச் சொல்லக் கடமைப்பட வேண்டும். இதற்காகவே இந்தச் சாசனம்.

1. தமிழ்நாட்டு அரசுக்கு: மாவட்ட மைய நூலகங்களிலும் கிளை நூலகங்களிலும் வாரத்தில் ஒரு நாளாவது மின்னணுப் பொருள் ஆலோசனை மேசை நடத்துங்கள். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டி வருகிறோம். இடம் இருக்கிறது, மக்கள் வந்து பழகிய கட்டடம் இருக்கிறது. பக்கத்து ஐடிஐ, பாலிடெக்னிக் ஆசிரியர்களும் மாணவர்களும் அங்கே உட்காரட்டும். எந்த நிறுவனத்திடமும் பணமோ பரிசோ வாங்கக் கூடாது என்பது மட்டும் மீறக் கூடாத விதி.

இந்த மேசையால் என்ன மிச்சமாகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பல பழைய மடிக்கணினிகள் விண்டோஸ் 11 கேட்கும் தகுதிக்குள் வரவில்லை. புதிது வாங்கியே தீர வேண்டும் என்ற பயம் பரவியது. ஆனால் வீட்டுப் பயனர்களும் பதிவு செய்தால் மேலும் ஓராண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு பெறும் வழியை மைக்ரோசாஃப்ட்டே வைத்திருந்தது. படிப்புக்கும் கடிதம் அடிக்கவும் மட்டும் பயன்படும் கணினியில் இலவச லினக்ஸ் போட்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். இந்த இரண்டு வாக்கியங்களைத் தமிழில் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துப் புது மடிக்கணினி வாங்கும் நிலை ஒரு குடும்பத்துக்கு வந்திருக்காது.

2. தயாரிப்பாளர்களுக்கு: பெட்டியின் மேல் மூன்று விவரங்கள் தமிழில், கண்ணாடி போடாமல் படிக்கும் அளவில் இருக்க வேண்டும். மென்பொருள் புதுப்பிப்பு எந்த ஆண்டு, எந்த மாதம் வரை வரும். உதிரி பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும். டிஸ்ப்ளேயும் பேட்டரியும் மாற்ற என்ன செலவாகும்.

"8+8 ஜிபி ராம்" என்று அச்சிடுவதை நிறுத்துங்கள். அதில் பாதிதான் ராம். மறுபாதி சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது, வேகத்தில் ராமுக்குப் பக்கத்தில்கூட வராது. விவரம் தெரியாதவர் அதைப் பதினாறு என்று கூட்டித்தான் பணம் கொடுக்கிறார்.

பெட்டியில் இந்த விவரங்களைத் தருவது நடக்காத காரியம் அல்ல. பழுது பார்க்க எவ்வளவு எளிது என்பதற்கு மதிப்பெண் போட்டுக் காட்டும் முறை பிரான்சில் 2021-லேயே வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் முக்கிய உதிரி பாகங்கள் ஏழாண்டு கிடைக்க வேண்டும், இயங்குதளப் புதுப்பிப்பு ஐந்தாண்டு வர வேண்டும். அங்கே விற்கும் நிறுவனங்கள்தாம் இங்கேயும் விற்கின்றன. இந்தியாவிலும் பழுது நீக்கக் குறியீடு பற்றிய குழு 2025 மே மாதம் ஒன்றிய நுகர்வோர் துறையிடம் அறிக்கை கொடுத்தது. ஒன்றிய அரசு அந்தக் குறியீட்டை விதியாக்கி, கட்டாயம் ஆக்க வேண்டும்.

3. சர்வீஸ் சென்டர்களுக்கு: "தண்ணி பட்டிருக்கு, வாரண்டி கிடையாது" என்ற ஒரு வாக்கியத்தோடு எத்தனையோ பேர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். போனுக்குள் ஒட்டியிருக்கும் சிறு வில்லை நிறம் மாறியிருப்பதைத்தான் பெரும்பாலும் ஆதாரமாகச் சொல்கிறார்கள். வாடிக்கையாளர் கண்ணெதிரே போனைத் திறந்து, அந்த இடத்தைப் படம் எடுத்து, மறுப்புக்கான காரணத்தை எழுதி, கையெழுத்திட்டுக் கொடுங்கள். எழுத்தில் இருந்தால்தான் வேறொருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்க முடியும், நுகர்வோர் ஆணையத்தில் வழக்கும் போட முடியும். ஜாப் ஷீட் தமிழில் வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பேட்டரி மாற்றுவதற்குத் திரைப்பூட்டின் கடவுச்சொல்லைக் கேட்கக் கூடாது. அந்தப் போனில் ஒரு பெண்ணின் குடும்பப் படங்களும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன.

4. தெருமுனைப் பழுதுக் கடைகளுக்கு மரியாதை வேண்டும். போர்டையே மாற்ற வேண்டும் என்று கைவிரிக்கப்பட்ட போனில் ஒரே ஒரு ஐசியை மாற்றி உயிர் கொடுப்பவர்கள் சென்னை ரிச்சி தெருவிலும் சின்ன ஊர்களின் பேருந்து நிலையக் கடைகளிலும் இருக்கிறார்கள். இவர்களுக்கு ஒரிஜினல் உதிரி பாகமும் சர்க்யூட் வரைபடமும் நியாயமான விலைக்குக் கிடைக்கத் தயாரிப்பாளர்கள் வழி செய்ய வேண்டும். அரசு ஐடிஐ வழியாகக் குறுகிய காலப் பயிற்சியும் சான்றிதழும் கொடுக்க வேண்டும். அந்தக் கடைக்காரர்களிடம் எங்களுக்கும் ஒரு கோரிக்கை உண்டு: போடுகிற டிஸ்ப்ளே காம்போ ஒரிஜினலா, காப்பியா என்பதைப் பில்லில் எழுதுங்கள்.

5. யூடியூபர்களுக்கு: பணமோ போனோ வாங்கியிருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று ஒன்றிய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூன் மாத நெறிமுறை சொல்கிறது. அதை வீடியோவின் தொடக்கத்தில், தமிழில், வாய்விட்டுச் சொல்லுங்கள்.

6. கடைகளுக்கு: கல்லாவுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒரு பலகை. பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம் என்பதும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 என்பதும், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே இல்லாமல், வக்கீல் இல்லாமலும் புகார் கொடுக்கலாம் என்பதும் அதில் இருக்கட்டும்.

7. வாடிக்கையாளர் சேவை எண். எங்கள் கோரிக்கைகளில் இதற்குத்தான் அவசரம் அதிகம். டிவி ஓடவில்லை, பணம் திரும்ப வரவில்லை என்று தவிக்கும் முதியவர் இணையத்தில் அந்த நிறுவனத்தின் எண்ணைத் தேடுகிறார். கண்ணில் படுவது மோசடிக்காரர் போட்டுவைத்த எண்ணாக இருக்கலாம். எதிர்முனையில் பேசுபவர் பொறுமையாக, பணிவாகப் பேசுவார். திரையைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலி ஒன்றை ஏற்றச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் ஓய்வூதியக் கணக்கு காலியாகிவிடும். உதவி கேட்டதற்காக ஒருவர் சேமிப்பை இழப்பதை எந்த நிறுவனமும் தனக்குச் சம்பந்தமில்லாத குற்றம் என்று ஒதுக்கக் கூடாது. உண்மையான எண்ணைக் கண்டுபிடிக்க முடியாதபடி வைத்திருப்பதால்தான் போலி எண்ணுக்கு இடம் கிடைக்கிறது.

ஆகவே ஒவ்வொரு பொருளின் உடம்பிலும் சேவை எண் அழியாதபடி பொறிக்கப்பட வேண்டும். அதை அழைத்தால் பொத்தான்களை அமுக்கி அலையவிடாமல் தமிழில் பேசும் மனிதர் எடுக்க வேண்டும். போலி எண் பற்றிப் புகார் வந்தால் தேடுபொறி நிறுவனங்கள் அதை அன்றே நீக்க வேண்டும். பணம் போனவுடன் அழைக்க வேண்டிய 1930 என்ற எண் ஒவ்வொரு வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் தமிழில் அச்சாக வேண்டும்.