கண்ணுக்குத் தெரியாத ‘ள’

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? நம்மாட்கள் நாலு பேர் சேர்கிற இடத்திலெல்லாம் இந்தப் பஞ்சாயத்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிறந்தநாள் குழந்தை கேக்கை வெட்டிவிட்டுத் தூங்கப் போயிருக்கும். இங்கே குற்றியலுகரம் பேசிக்கொண்டிருப்பார்கள்.

நான் இலக்கணத்துக்கு எதிரி இல்லை, ஐயா. ‘தந்த பலகை’ என்றால் யாரோ கொடுத்த பலகை. ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தில் செய்தது. ஒரே ஒரு ‘ப்’, விலை எங்கேயோ போய்விடுகிறது!

எனக்கு வேடிக்கையாக இருப்பது வேறு. ஒற்றுக்காக அடுத்தவரைப் பிடிபிடியென்று பிடிக்கிற ஆசாமி, அதே மூச்சில் ‘கெளரவம்’ என்று அடித்திருப்பார். பார்க்க அச்சு அசல் கௌரவம்தான். ஆனால் யூனிகோடில் எழுத்துக்கும் குறிக்கும் தனித்தனி எண் உண்டு. சரியான ‘கௌ’வுக்கு இரண்டே எண்கள்: க 2965, ஔகாரக் குறி 3020. இவர் அடித்தது மூன்று: க 2965, ஒற்றைக் கொம்பு 3014, அப்புறம் பள்ளிக்கு வருகிற அதே ‘ள’, 2995. கணினி அதை கெ-ள-ர-வ-ம் என்றுதான் படிக்கும். காகிதத்தில் இரண்டுக்கும் ஒரே உருவம் என்பதால் கண் கண்டுகொள்வதில்லை. ஔவையாரையும் இப்படித்தான் ‘ஒ’வும் ‘ள’வுமாகப் பிய்த்துப் போடுகிறோம். இன்னும் சிலர் ‘எ’ (2958) என்று நினைத்துத் தமிழ் எண் ஏழை (௭, 3053) அடிக்கிறார்கள். ‘என்ன’ என்பது ‘7ன்ன’ ஆகிவிடுகிறது.

ஒற்று விட்டுப்போனால் படிக்கிறவர் சமாளித்துக்கொள்வார். எண் மாறினால் உங்கள் உறுப்பினர் பட்டியல் சமாளிக்காது. கௌரி மாமியைத் தேடினால் இல்லை என்று சொல்லும். மாமி ‘கெ’ வரிசையில் உட்கார்ந்திருப்பார். (ஸ்ரீ மட்டும் விதிவிலக்கு. 2005-இல் ‘ஶ’ யூனிகோடில் சேர்ந்த பிறகு, அதை வைத்தும் ‘ஸ’வை வைத்தும் ஒரே மாதிரித் தெரிகிற ஸ்ரீ வருகிறது. அதற்கு யாரைக் குற்றம் சொல்ல?)

நிற்க. டெல்லியில் பிறந்து இந்தியில் படித்த பெண் ஒருத்தி, ‘பாட்டி, எப்படி இறுக்கீங்க?’ என்று எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். உடனே பெரியப்பா ஒருவர், “இதுவா தமிழ்? பாட்டியை ஏம்மா இறுக்கச் சொல்றே?” என்று எல்லோர் முன்னாலும் கிண்டலடிப்பார். ர-ற வித்தியாசம் நம்மில் பெரும்பாலோர் வாயிலும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் பார்த்துப் பார்த்துப் பழகியது. அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த தடவை அவள் ஆங்கிலத்தில் எழுதுவாள். பாட்டிக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பேத்தி எழுதியதை யாராவது வந்து படித்துச் சொல்லும்வரை பாட்டி காத்திருக்க வேண்டும். அதுவும் நாளடைவில் நின்றுவிடும்.

தனியாகக் கூப்பிட்டு, “இருக்குன்னா இந்த ‘ர’ கண்ணு” என்று சொன்னால் தீர்ந்தது.

அதற்கு முன்னால் பெரியப்பாமார்களுக்கு ஒரு சின்ன வேலை. நீங்கள் வழக்கமாக அடிக்கிற மாதிரியே ‘கௌ’ அடித்து, பேக்ஸ்பேஸை ஒரே ஒரு தடவை தட்டுங்கள். வெறும் ‘க’ மிஞ்சினால் சரி. ‘கெ’ மிஞ்சினால், முதலில் அதைச் சரிசெய்துவிட்டு அப்புறம் அந்தப் பெண்ணிடம் போகலாம்.