பாலத்துக்குக் கீழே எட்டு மீட்டர்

விசிட் விசாவில் வந்திருந்த அப்பாவை ஒரு சாயங்காலம் துபாய் கால்வாயில் ஃபெரியில் கூட்டிக்கொண்டு போனேன். ஷேக் சயீத் சாலைப் பாலத்தின் பக்கவாட்டில் அருவி கொட்டும். படகு நெருங்கினால் சென்சார் பார்த்து நின்றுவிடும். பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்பா மட்டும் அண்ணாந்து பாலத்தின் அடிப்பக்கத்தையே பார்த்தார். "நல்ல உசரமா கட்டியிருக்கான்டா."

2016 நவம்பரில் திறந்த கால்வாய் இது. 3.2 கிலோமீட்டர். முதலில் தரையிலேயே பாலத்தைக் கட்டி, டிராஃபிக்கை அதன்மேல் ஏற்றிவிட்டு, பிறகுதான் கீழே மண்ணைத் தோண்டினார்கள். படகு போக எட்டு மீட்டர் வேண்டும் என்று போகவர 16 லேன் ரோட்டையே தூக்கினார்கள். ராஸ் அல் கோரில் முட்டுச்சந்தாக நின்ற க்ரீக்குக்கு இன்னொரு பக்கமும் கடல் கிடைத்தது.

அப்பா வளர்ந்தது மந்தைவெளி. பக்கிங்ஹாம் கால்வாயில் விறகுத் தோணி வந்ததைப் பார்த்தவர். 1806-ல் எண்ணூர் பக்கம் தொடங்கிய கால்வாய் அது. 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஜனங்கள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டினார்கள். பெயர் கவர்னருக்குப் போனது. இன்றைக்குப் பறக்கும் ரயிலின் தூண்கள் அந்தக் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. ரயிலைக் குறை சொல்லவில்லை, காலேஜுக்கு அதில் போனவன்தான் நான். ஆனால் அங்கே இனி எவ்வளவு தூர் வாரினாலும் தோணி வராது.

"முட்டுக்காட்டுல போட் ஓடுதே தாத்தா!" என்றாள் மகள். போன லீவில் பெடல் போட் மிதித்த ஞாபகம்.

ஓடுகிறது. 1984-லிருந்து சுற்றுலாக் கழகத்தின் படகுக் குழாம் அங்கே இருக்கிறது. ஈசிஆர் பாலத்தில் காரை ஓரங்கட்டி செல்ஃபி எடுக்காதவர் நம்மில் குறைவு. ஆனால் அந்தப் பாலத்துக்குக் கீழே போவது உல்லாசத் தண்ணீர் மட்டும் இல்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணை மழைவெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாயில் விழுந்து, தெற்கே வந்து, முட்டுக்காட்டில்தான் கடலைப் பார்க்கிறது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் வெள்ளம் பின்னாலேயே தேங்கும். ஓஎம்ஆரில் ஃப்ளாட் வாங்கி இங்கிருந்து இஎம்ஐ கட்டுகிறவர்களே, 2015-லும் 2023-லும் டிசம்பரில் அபார்ட்மெண்ட் வாட்ஸப் குழுவைப் பார்த்துக்கொண்டு தூங்காமல் இருந்தோமே, ஞாபகம் இருக்கிறதா?

அதனால் கால்வாய்ச் சீரமைப்பு என்று செய்தி வந்தால், நடைபாதை, பூங்கா, படகுப் படங்களை நான் நம்புவதில்லை. சாக்கடைக் குழாய் எங்கே திரும்புகிறது, முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்றுதான் தேடுவேன். கரையில் குடியிருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பினோம். பெரும்பாக்கமும் சதுப்பு ஓரம்தான். துபாய்க்கு இந்தக் கஷ்டம் கிடையாது. புதிதாக வெட்டினார்கள், காசு இருந்தது. ஒப்பிடுவது முழு நியாயம் இல்லை.

இறங்கும்போது அப்பா கேட்டார்: "இதுல யாரும் சாக்கடைய விட மாட்டாங்களா?"

"விட்டா ஃபைன் போடுவாங்கப்பா."

"அங்கயும் ஃபைன் உண்டுடா" என்றவர், திரும்பவும் ஒருமுறை பாலத்தைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பியதும் முட்டுக்காடு போய்வந்து போட்டோ அனுப்பினார். பெடல் போட் இல்லை. பாலத்தின் அந்தப் பக்கம், கடல் வாயில் கிடந்த மணல்.