உள்ளத்துப் புண் புண்ணன்றோ?

காலொடிந்தார்க்கு ஊன்றுகோல் ஈவோர் உள்ளமொடிந்தாரை நடிப்பென்று ஐயுறுவது அறமாகுமோ? பிரித்தானிய அரசு செய்தது அதுவே! உடற்குறையும் உளநோயும் உற்றார்க்கென அங்கு 2013-இல் புதிய உதவித்தொகை ஏற்பட்டது. துணையின்றி வழிச்செல்ல இயலாதார்க்குக் கூடுதல் தொகை உண்டு. 2017 மார்ச்சில் அரசு ஒரு விதியைச் செருகியது: அவ்வியலாமை உளத்துயரால் விளைந்ததாயின் அதற்குரிய மதிப்பெண் இல்லை! இயலாமை ஒன்று, அளவுகோல் இரண்டா?

அவ்வாண்டுத் திசம்பரில் இலண்டன் உயர் முறைமன்றம், அஃது அப்பட்டமான வேற்றுமை காட்டும் விதியென்று கடிந்து வீழ்த்தியது. 2018 சனவரியில் அரசு பணிந்தது. ஏறத்தாழ 16 இலக்கம் கோப்புகளை மீளவும் ஆராய வேண்டியதாயிற்று.

விதி வீழ்ந்தது, ஐயக்கண் வீழ்ந்ததா? எண்ணத்தைக் கோவையாகச் சொல்லும் ஆற்றலையே நோய் பறித்திருக்க, பக்கம் பக்கமாகப் படிவம் நிரப்பித் தன் நோயைத் தானே மெய்ப்பிக்க வேண்டுமாம்! ஆய்வாளர்முன் ஒருநாழிகை அமைதியாக அமர்ந்தால், நலமுற்றான் என்று எழுதிவிடுவதா? ஏறியிறங்கும் நோயை ஒருநாட் பார்வையால் அளப்பது, கோடையில் வந்து ஆற்றை மணல்வெளி என்பது போலாம்.

உதவித்தொகை இரவலன்று, உரிமை. கண்காணாப் புண்ணும் புண்ணே. அதனைக் காண மறுக்கும் ஆட்சியே குருடு!